அலி பாய்க்கு ஒரு கோல்

ஜுபைல்
சவூதி அரேபியா
10.11.2006

அன்புள்ள பானு அக்காவுக்கு,

தம்பி விமல் எழுதுவது. நான் சுகம், என் வயிறு மட்டும் மெஸ் சாம்பாரோடு இன்னும் சமாதானம் ஆகவில்லை. அல் குசைஸில் நீ, மச்சான், பிள்ளைகள் எல்லாரும் நலமா? போனில் பேசினால் 'ம், ம்' என்பதைத் தவிர வேறு பேச்சே வருவதில்லை என்று போன வாரம் திட்டினாய். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்ய? அதனால்தான் இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமைகளில் கேம்ப்புக்குப் பின்னாலுள்ள மணல் மைதானத்தில் ஃபுட்பால் நடக்கிறது. மொத்தம் எட்டு டீம். எங்கள் பைப்பிங் டீமுக்கு நான்தான் கோல்கீப்பர். முப்பத்து நாலு வயதில் உனக்கு என்னடா பந்து என்று ஆரம்பிக்காதே. திண்டுக்கல் மாவட்ட டீமுக்கு கீப்பராக நின்றவன் உன் தம்பி, மறந்துவிட்டாயா?

இந்த வருஷம் ஒரு பெரிய விசேஷம். சைட்டுக்குப் புது சேஃப்டி ஆபீசர் வந்திருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரர், பெயர் அலிஸ்டர். எங்கள் ஆட்கள் வாயில் அது அலி பாய் ஆகிவிட்டது. அந்த ஊரில் பதினாலு வருஷம் லீக்கில் ஆடியவராம்! சேஃப்டி டீமில் சேர்ந்துவிட்டார். மெஸ் பொறுப்பாளர் அம்மையப்பன் அண்ணன் முதல் நாளே அவருக்குப் பொரித்த மீன் இரண்டு துண்டு அதிகம் வைத்தார். எனக்கு ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அப்படி வைத்ததில்லை.

மச்சானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தம்பி
விமல்


அல் குசைஸ், துபாய்
25.11.2006

அன்புள்ள விமலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். எனக்கு இடுப்பு வலி, அது இருந்தால்தான் நான் நானாக இருக்கிறேன் என்று உன் மச்சான் சொல்கிறார்.

மறந்துவிட்டாயா என்றா கேட்கிறாய்? கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கோல் போஸ்டில் நின்று, பஸ்ஸில் போன பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பந்து உள்ளே போனதே, அந்த மாவட்ட கீப்பர்தானே? நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உன் கடிதத்தை மச்சான் பத்துத் தடவை படித்துவிட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் உன் அலி பாயைத் தேடினாராம், ஒன்றும் கிடைக்கவில்லையாம். "பெரிய ஆளா இருந்தா ஒரு போட்டோவாவது இருக்குமே? எத்தன கோல் அடிச்சிருக்காருன்னு கேக்கச் சொல்லு" என்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; தேடத் தெரியாதவர் ஆளே இல்லை என்கிறார். நீ கேட்டு எழுது. எனக்காக இல்லை, வீட்டில் எனக்கு நிம்மதி வேண்டும்.

சாம்பாரை விட்டுவிட்டு மோரைக் குடி, வயிறு சரியாகும்.

அன்புடன்
பானுமதி


ஜுபைல்
15.12.2006

அன்புள்ள அக்காவுக்கு,

மோர் குடித்தேன், வயிறு சமாதானம் ஆகிவிட்டது. உன் இடுப்புக்கு டாக்டரைப் பார்.

மச்சான் கேட்டதைக் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். ஆட்டம் முடிந்து மணலில் உட்கார்ந்து இருவரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்த சைட் இங்கிலீஷில், "எத்தன கோல் சார்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே விரலை வளைத்து ஒரு வட்டம் காட்டினார். சைபர்.

அக்கா, அவர் ஆடியது அங்கே மூன்றாம் டிவிஷனாம். பத்து டீம். அதுதான் கடைசிப் படி, அதற்குக் கீழே தள்ள இடமே கிடையாதாம். பகலில் எலெக்ட்ரீஷியன் வேலை, சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை மழையில் ஆட்டம். பார்க்க இருநூறு பேர் வருவார்களாம், அதில் பாதிப் பேர் இடைவேளையில் விற்கிற கறி அடைத்த பன்னுக்காக வருகிறவர்கள். ஒரு வருஷம் முப்பத்தாறு ஆட்டத்தில் மூன்றுதான் ஜெயித்தார்களாம். இதையெல்லாம் அவர் சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பெரிய பணக்காரன் தன் தோட்டம் துரவைச் சொல்வது போலச் சொன்னார்.

இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். மொத்தம் முந்நூற்றுப் பதினோரு ஆட்டம். ஒருமுறை இவர் அடித்த பந்து உள்ளே போகிற நேரத்தில் கூட ஆடியவன் கால் நுனி பட்டு, மைக்கில் அவன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். தன் பக்கத்து வலைக்குள் மட்டும் தெரியாமல் இரண்டு போட்டிருக்கிறார்.

"ஒரே ஒண்ணு, விமல். ஒண்ணு போதும்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை. ஏப்ரலில் அவருக்குக் கான்ட்ராக்ட் முடிகிறது. இடது முட்டி தேய்ந்துவிட்டதாம், ஊருக்குப் போனதும் ஆபரேஷன், அதன் பிறகு ஓடவே கூடாதாம்.

பிள்ளைகள் பரீட்சை எப்படி எழுதினார்கள்?

விமல்


அல் குசைஸ்
2.1.2007

அன்புள்ள விமலுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். பிள்ளைகள் பாஸ். எப்படி என்று அவர்களுக்கே தெரியவில்லை.

உன் கடிதத்தை சாப்பிடும்போது சத்தமாகப் படித்தேன். உன் மச்சான் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். முந்நூற்றுப் பதினோரு ஆட்டம்! கீழ் வீட்டு எகிப்துக்காரி உம்மு ஹானி புதினா வாங்க வந்தவள், என்ன விஷயம் என்றாள். சொன்னேன். "மிஸ்கீன்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பாவம் என்று அர்த்தம். இப்போது லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "கோல்?" என்கிறாள். நான் "மாஃபி" என்கிறேன், இல்லை என்று. எனக்கு இருக்கிற வேலையில் இது வேறு.

இரண்டு போட்டிருக்கிறாரே, திசைதானே தப்பு என்று அவரிடம் சொல்.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


ஜுபைல்
26.1.2007

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம், மனசுதான் சரியில்லை. நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

ஃபைனல் எக்ஸிட்டில், அதாவது வேலை முடித்து ஒரேயடியாக ஊருக்குப் போகிற யாருக்கும் எங்கள் கேம்ப்பில் சும்மா டாட்டா சொல்ல மாட்டார்கள். விழா வைத்து, பொன்னாடை போர்த்தி, ஒரு சூட்கேஸ் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். அலி பாய்க்கு என்ன செய்வது என்று போன வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் கமிட்டி கூடியது. அம்மையப்பன் அண்ணன் எழுந்தார்.

"வெள்ளக்காரருக்குப் பொன்னாட போத்துனா வேட்டின்னு நெனச்சுக் கட்டிக்கிருவாரு. சூட்கேஸ் அவருகிட்டயே நாலு இருக்கு. அவருகிட்ட இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். அதக் குடுப்போம். ஒரு கோல்!"

கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. எட்டு டீமும் ஒரே மனதாகத் தீர்மானம் போட்டுவிட்டது. மார்ச் 30 இறுதி ஆட்டத்தில் சேஃப்டி டீமுக்கு ஒரு பெனால்டி. ரெஃப்ரி நம்ம கிரேன் ஆபரேட்டர் கௌஸ் முகம்மதுதான், ஹைதராபாத்காரர். "கோயி பாத் நஹி, விசில் மை பஜாவூங்கா" என்று, கவலை வேண்டாம், விசிலைத் தானே ஊதிவிடுவதாகச் சொல்லிவிட்டார். சேஃப்டி டீம் இறுதிக்கு வருவதற்கும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். எதிரில் நாங்கள். போஸ்டில் நான். அவர் வலப்பக்கம் அடித்தால் நான் இடப்பக்கம் விழ வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

என் மனசு கேட்கவில்லை அக்கா. அந்த மனுஷன் எங்களோடு ஆடும்போது ஒருதடவைகூட ஏமாற்றியதில்லை. தன் கையில் பந்து பட்டதை ரெஃப்ரி பார்க்காவிட்டாலும் இவரே கையைத் தூக்கிச் சொல்வார். அவருக்குப் போய்ப் பொய்க் கோலா? மாட்டேன் என்றால் கேம்ப்பே என்னைத் தின்றுவிடும்.

சீக்கிரம் எழுது.

விமல்


அல் குசைஸ்
7.2.2007

அன்புள்ள விமலுக்கு,

எல்லாரும் சுகம். இதற்கா மனசு சரியில்லை? விழுந்து தொலையேன்! உனக்கு என்ன குறைந்துவிடும்? கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எத்தனை விட்டிருக்கிறாய், புண்ணியத்துக்கு ஒன்று விடக் கூடாதா? அவருக்கு மட்டும் தெரியவா போகிறது? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

உம்மு ஹானியும் அதையேதான் சொல்கிறாள்.

அக்கா


அல் குசைஸ்
17.2.2007

அன்புள்ள விமலுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு.

இங்கே பொங்கல் விழாவுக்கு மாசி பிறந்தால்தான் மண்டபம் கிடைக்கும். நேற்றுதான் நடந்தது. கோலப் போட்டிக்குப் பதினோரு பெண்கள். நான் இருபத்தொரு புள்ளி வைத்து, இடுப்பு வலியோடு இரண்டு மணி நேரம் குனிந்து, ஒரு சிக்குக் கோலம் போட்டேன். ஒரு இழை பிசகவில்லை. நடுவராக வந்த அம்மாளே அசந்துபோய் நின்றாள். பக்கத்தில் ஒருத்தி போட்ட மயில் வாத்து மாதிரி இருந்தது.

பரிசு நேரம் வந்தது. சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து, "யார் மனசும் நோகக் கூடாது, அதனால எல்லாருக்குமே முதல் பரிசு!" என்றார். பதினோரு பேருக்கும் ஒரே மாதிரி ஹாட்பாக்ஸ். வாத்துக்காரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், விமல்! எல்லாருக்கும் கொடுத்தால் அது பரிசா, ரேஷனா? வீட்டுக்கு வந்து அழுதேன். நாற்பது வயதில், ஒரு ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நான் போட்ட கோலம் நல்ல கோலம்தானா என்று இனி எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் சொல்கிறேன். விடாதே. அவர் அடிக்கட்டும், நீ பிடி. நீ உயிரைக் கொடுத்துத் தடுத்தும் உள்ளே போனால்தான் அது அவர் கோல். கேம்ப் திட்டினால் அக்கா சொன்னாள் என்று சொல்.

பானுமதி


ஜுபைல்
16.3.2007

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. முதலில் பிரித்தது ஹாட்பாக்ஸ் கடிதம். அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு வருத்தமாகவும் இருந்தது. அடுத்ததைப் பிரித்தால் விழுந்து தொலை என்கிறாய். இரண்டையும் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

சேஃப்டி டீம் இறுதிக்கு வந்துவிட்டது. அரை இறுதியில் கிச்சன் டீம் தோற்பதற்குப் பட்ட பாடு இருக்கிறதே, அது தனிக் கதை. அம்மையப்பன் அண்ணன் நேற்று எனக்கும் மீன் இரண்டு துண்டு அதிகம் வைத்தார். பக்கத்தில் இருந்தவன் தட்டில் தள்ளிவிட்டேன்.

என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

விமல்


அல் குசைஸ்
14.4.2007

அன்புள்ள விமலுக்கு,

சித்திரை பிறந்துவிட்டது, வாழ்த்துகள். மார்ச் 30 போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் 'நல்லாருக்கேன்' என்று வைத்துவிடுகிறாய். கோல் போனதா இல்லையா? உன் மச்சான் என்னைத் தபால் பெட்டிக்குத் தினம் துரத்துகிறார். உம்மு ஹானி லிஃப்டில் பேச்சையே நிறுத்திவிட்டாள், புருவத்தை மட்டும் தூக்குகிறாள்.

உடனே எழுது.

அக்கா


ஜுபைல்
23.4.2007

மரியாதைக்குரிய பானுமதி அக்கா அவர்களுக்கு,

விமல் எழுதுவது. நான் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். ஆட்டம் நல்லபடி முடிந்தது. அலி பாய் கோல் போட்டார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவர் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு டியூட்டி அதிகம், ஆகவே நீண்ட கடிதம் எழுத நேரமில்லை. மன்னிக்கவும்.

இப்படிக்கு
விமல்


அல் குசைஸ்
5.5.2007

டேய் விமல்,

சுகமா என்று கேட்க மாட்டேன். நீ சுகமாக இல்லை.

யார் கையெழுத்து அது? 'மரியாதைக்குரிய அவர்களுக்கு'? நீ எனக்கு என்றைக்கடா மரியாதை கொடுத்தாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். உன் கைக்கு என்ன ஆயிற்று? கோல் போனது என்று எழுதியிருக்கிறாய். விட்டாயா, போனதா? விட்டிருந்தாலும் பரவாயில்லை, கையை மட்டும் சொல். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை எனக்கு.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் வேண்டும். இல்லையென்றால் மச்சானை விசா எடுக்கச் சொல்லி ஜுபைலுக்கே வந்து நிற்பேன்.

அக்கா


ஜுபைல்
1.6.2007

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து நிற்காதே. இது என் கையெழுத்துத்தான், கோழி கிண்டினது போல இருந்தாலும். போன கடிதம் நான் சொல்லச் சொல்ல ரூம்மேட் அழகுமலை எழுதியது. அவன் பஞ்சாயத்து ஆபீசில் மனு எழுதிப் பழகியவன், அதனால்தான் அந்த மரியாதை. என் வலது கை மோதிர விரல் உடைந்திருந்தது. சொன்னால் நீ அழுவாய், அடுத்த நிமிஷம் அம்மாவுக்குப் போன் போகும். அதனால் மறைத்தேன். நேற்றுத்தான் கட்டுப் பிரித்தார்கள். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

இறுதி ஆட்டம். நானூறு பேர் கூட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது கௌஸ் முகம்மது விசில் ஊதினார். யாரும் யாரையும் தொடவில்லை. பந்து எங்கேயோ கிடக்கிறது. அலி பாய் "நோ பெனால்டி! நோ!" என்று ரெஃப்ரியோடு சண்டைக்கே போய்விட்டார். கூட்டம் "அலி பாய்! அலி பாய்!" என்று தகரத்தைத் தட்டுகிறது. வேறு வழியில்லாமல் பந்தை வைத்தார். என் பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். இது எங்கள் ஏற்பாடு என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரியல்?" என்றார்.

"ரியல்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையோடு கமிட்டித் தீர்மானம் கலாஸ், முடிந்துபோனது.

ஓடி வந்து இடது காலால் அடித்தார். சரியான அடி. நானும் சரியான பக்கம்தான் பாய்ந்தேன். பந்து நெஞ்சில் பட்டுத் தெறித்தது. மைதானமே "ஐயோ" என்றது. அம்மையப்பன் அண்ணன் என் குலத்தையே இழுத்துத் திட்டியது எனக்குக் கேட்டது. ஆனால் அக்கா, அந்தத் தேய்ந்த முட்டியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் தெறித்த பந்துக்கு ஓடி வந்தார் பார்! எங்கள் ஆள் இரண்டு பேர் அவருக்கு முன்னால் இருந்தார்கள். அவர்களைத் தாண்டி வந்து, வராத வலது காலால் ஒரு தட்டு. நான் எழுந்தும் எழாமலும் மறுபடி பாய்ந்தேன். விரல் நுனியில் பந்து பட்டது. கை போய் இரும்பு போஸ்டில் மோதியது. பந்து உள்ளே.

அப்புறம் என்ன, ஒரே திருவிழா. தூக்கிக்கொண்டு மூன்று சுற்று. அவர் அழுதார், நானும் அழுதேன், எனக்கு விரல் வலியும் சேர்ந்து. அம்மையப்பன் அண்ணன் என் முதுகில் தட்டி, "பயலே, மொதல்ல புடிச்சு, அப்புறம் விட்ட பாரு! என்னா நடிப்புடா!" என்றார். எல்லாரும் அதையே சொன்னார்கள். நான் இல்லை இல்லை என்று கத்துகிறேன், கண்ணடித்துச் சிரிக்கிறார்கள். யாரோ ஒரு மடையன் அலி பாயிடமே போய், "கிஃப்ட் சார், ஃபேர்வெல் கிஃப்ட்" என்று சொல்லிவிட்டான். அவர் முகம் செத்துப்போனது. கப்பைக் கூட வாங்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

விரலைக் காட்டியிருந்தால் அன்றைக்கே நம்பியிருப்பார். ஆனால் காட்ட முடியாது. கேம்ப்பில் யாருக்கு அடிபட்டாலும் சேஃப்டி ஆபீசர் ரிப்போர்ட் எழுதியாக வேண்டும். எழுதினால் வெள்ளிக்கிழமை ஃபுட்பாலையே நிறுத்திவிடுவார்கள். அந்த ரிப்போர்ட்டையும் அவரேதான் எழுத வேண்டும். எட்டு டீம் வாயிலும் மண்ணைப் போட நான் யார்? துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் டியூட்டிக்குப் போனேன்.

மூன்றாம் நாள் அவர் சைட்டில் ரவுண்ட்ஸ் வந்தார். என்னைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனவர் சட்டென்று திரும்பினார். என் வலது கையில் கிளவுஸ் இல்லை. கிளவுஸ் நுழைந்தால்தானே! விரல் கத்திரிக்காய் மாதிரி ஊதி, அதே நிறத்தில் இருந்தது.

"எப்போ?" என்றார்.

"ஃப்ரைடே சார்."

"எப்படி?"

எனக்குப் பொய் வரவில்லை. "யுவர் கோல் சார்" என்றேன்.

அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார் அக்கா. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மணலில் எறிந்துவிட்டுச் சிரித்தார். "ரியல்! ரியல்!" என்று கத்தினார். வெல்டர்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அவரே வண்டியில் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தார். இரண்டு இடத்தில் முறிவு. டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் காட்டியபோது, இவர் அதைப் பார்த்த பார்வையைப் பார்த்து டாக்டரே பயந்துபோனார்.

ரிப்போர்ட்டும் எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'கோலைத் தடுக்க உண்மையாக முயன்றது' என்று எழுதி, கமிட்டி ஆட்கள் அத்தனை பேரையும் வரவழைத்துப் படித்துக் காட்டினார். அம்மையப்பன் அண்ணன் என் விரலைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி மீன் நாலு துண்டு வைத்தார். ஃபுட்பாலை நிறுத்தவில்லை, போஸ்டுக்கு ஸ்பாஞ்ச் கட்ட வேண்டும் என்பதோடு சரி. விழாவில் பொன்னாடையும் போர்த்தினோம். வேட்டியாகத்தான் கட்டிக்கொண்டார்.

விமானம் ஏறும் முன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்த எக்ஸ்ரே ஃபிலிம். எதற்கு என்று புரியாமலே கொடுத்தேன்.

போன வாரம் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு போட்டோ வந்தது. அவருடைய பழைய கிளப்பின் சுவர். டீம் போட்டோக்களுக்கு நடுவில் கண்ணாடிச் சட்டம் போட்டு என் விரல் தொங்குகிறது, அக்கா. மழையில் நனைந்து வந்த நாலு கிழவர்கள் அதன் முன்னால் நின்று வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். கீழே எழுதியிருப்பதை அழகுமலை படித்துச் சொன்னான்:

'அலிஸ்டர். ஆட்டம் 312. கோல் 1. சாட்சி: கோல்கீப்பர் விமல்.'

விரல் இனி முழுக்க மடங்காதாம், வலி இல்லை. மச்சானிடமும் கீழ் வீட்டு அம்மாளிடமும் உடனே சொல். உன் இடுப்பு எப்படி இருக்கிறது?

உன் தம்பி
விமல்